அடுத்தவருக்கும் சேர்த்துக் கட்டும் பை

கோலார் தங்கவயலில் பை கட்டுவது எவருக்கும் புதிய வேலையன்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், இவ்வூரின் எத்தனையோ குடும்பங்களுக்குப் பெங்களூருதான் பிழைப்புக்குரிய இடமாயிற்று. பொழுது புலருமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலைப் பிடிக்க வேண்டுமானால், சோற்றுப் பாத்திரம், தண்ணீர்ப் புட்டி, சீசன் டிக்கெட், குடை ஆகிய யாவும் முந்தைய இரவே பைக்குள் ஏறியிருக்க வேண்டும். ஒன்றை மறந்தால் அதன் குறை அன்று முழுவதும் தெரியும். ஆயினும் அக்குறையை அனுபவிப்பவர் மறந்தவர் ஒருவரே.

இதே ஊரில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில் வேறு வகையான பைகளோடு சிலர் வீட்டைவிட்டுக் கிளம்புகின்றனர். வங்கி ஊழியர், ஆசிரியர், தொழிற்சாலைப் பணியாளர், கல்லூரி மாணவர் எனப் பலர் கலந்த சிறியதோர் ஓட்டக் குழு அது. நாங்களும் அதில் அடக்கம். மலைப்பாதையில் இரவும் பகலுமாக நடைபெறும் நெடுந்தொலைவுத் தொடரோட்டம் ஒன்றுக்கு இப்போது ஆயத்தமாகி வருகிறோம். ரயிலுக்குக் கட்டும் பைக்கும் இதற்குக் கட்டும் பைக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. இங்கே ஒருவர் மறந்தால் வருந்துபவர் இன்னொருவர். ஆகவே, தொடரோட்டத்துக்குப் பை கட்டுவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாகாது. அது குழுவின் பொறுப்பு. அதற்கு விதி வேண்டும், சரிபார்ப்பும் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அக்கருத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்த வழியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அஞ்சல் என்னும் பழைய சொல்

நெடுந்தொலைவுத் தொடரோட்டத்தின் அமைப்பு எளியது. ஒரு குழுவில் ஆறு முதல் பன்னிரண்டு பேர் இருப்பர். பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒருவர் ஓடும்போது மற்றவர்கள் வண்டியில் அடுத்த கைமாற்று நிலையத்துக்குச் சென்று காத்திருப்பர். ஒவ்வொருவரும் இரண்டு அல்லது மூன்று முறை ஓட வேண்டிவரும். அவற்றுள் ஒன்றேனும் இரவில் அமையும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹூட் மலையிலிருந்து பசிபிக் கடற்கரை வரை ஏறத்தாழ 320 கிலோமீட்டர் ஓடும் தொடரோட்டம் 1982 முதல் நடந்து வருகிறது. ஹாங்காங்கில் 1981இல் கூர்க்கா படையினரின் பயிற்சியாகத் தொடங்கிய டிரெயில்வாக்கர் நடைப்பயணம், பின்னர் ஆக்ஸ்ஃபாம் அமைப்பின் நிதிதிரட்டும் நிகழ்ச்சியாக வளர்ந்து, 2012இல் பெங்களூருக்கும் வந்தது. நால்வர் கொண்ட குழு 100 கிலோமீட்டரை 48 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும் என்பது அதன் விதி. அது தொடரோட்டம் அன்று. நால்வரும் சேர்ந்தே நடப்பர். எனினும் ஒருவருடைய தளர்ச்சி நால்வருடைய கணக்கிலும் ஏறும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

தமிழகத்தில் நாம் தொடர் ஓட்டம் என்பதை இலங்கைத் தமிழர்கள் அஞ்சலோட்டம் என்பர். அச்சொல் பொருள் நிறைந்தது. நாம் வாழும் மைசூர் நாட்டில் ‘அஞ்சே’ என்ற பெயரில் அரசின் தபால் முறை 17ஆம் நூற்றாண்டிலேயே ஏற்பட்டு, 1889இல் பிரித்தானிய இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. திருவிதாங்கூரில் அஞ்சல் ஓட்டக்காரர்கள் மணி கட்டிய கோலை ஏந்தி ஓடினர். மணியோசை கேட்டவர்கள் ஒதுங்கி வழிவிட்டனர். ஒரு நிலையத்தில் ஒருவர் ஓட்டம் முடியும். பை அடுத்தவர் தோளுக்கு மாறும். ஜப்பானியரும் தம் நெடுந்தொலைவுத் தொடரோட்டத்துக்குப் பழைய அஞ்சல் நிலைய முறையிலிருந்தே ‘எகிதென்’ என்று பெயரிட்டனர். 1917இல் கியோத்தோவிலிருந்து தோக்கியோ வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவுக்கு முதல் எகிதென் நடந்தது. 1920இல் தொடங்கிய ஹகோனே எகிதெனில் இன்றும் ஆண்டுதோறும் ஜனவரி 2, 3 ஆகிய நாள்களில் பல்கலைக்கழக மாணவர்கள் ஓடுகின்றனர். பத்துப் பேர், 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. அவர்கள் கைமாற்றுவது கோலன்று. தோளில் குறுக்காக அணியும் ஒரு துணிப்பட்டை.

தபால்காரர் தமக்காக ஓடியவரல்லர். அவர் பையில் இருந்தவை யாவும் பிறருடைய பொருள்கள். தொடரோட்டக்காரரின் பையும் அத்தகையதே என்பதை நாங்கள் ஓர் இரவில் கற்றுக்கொண்டோம்.

பேத்தமங்கலத்தில் ஓர் இரவு

சென்ற மார்கழியில் பேத்தமங்கலம் ஏரியை ஒட்டிய மண்பாதைகளில் இரவு ஒத்திகை ஒன்றை நடத்தினோம். எட்டுப் பேர், ஆளுக்கு ஆறு கிலோமீட்டர். மூன்றாவதாகப் புறப்பட்டவர் ஓர் ஆசிரியை. பாதி வழியில் அவருடைய நெற்றி விளக்கு அணைந்தது. மாற்று பாட்டரிகள் எங்களிடம் ஆறு சோடி இருந்தன. ஆறும் ஒரே பெட்டியில், அப்பெட்டி வண்டியில், வண்டி அடுத்த நிலையத்தில். அவருடைய கைப்பேசியும் வண்டியிலேயே மின்னேற்றத்தில் இருந்தது. நிலவில்லாத இரவு. இருட்டில் தடவித் தடவி நடந்தவர் வாய்க்கால் ஓரத்தில் கால் பிசகி விழுந்தார்.

கைமாற்று நிலையத்தில் காத்திருந்த எங்களுக்கு இவை எவையும் தெரியா. அவர் எத்தனை மணிக்குப் புறப்பட்டார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருவர் ஒன்பதரை என்றார். இன்னொருவர் ஒன்பதே முக்கால் என்றார். இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்றே நான்கு முறை சொன்னோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கடந்த பிறகே இருவர் வந்த வழியே திரும்பிச் சென்றனர். ஒரு பம்புசெட் கொட்டகையின் திண்ணையில், யாரோ ஒரு விவசாயி கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் சுளுக்கு மட்டுமே. மூன்று வாரத்தில் குணமாயிற்று. அந்த விவசாயி வராதிருந்தால் என்ற நினைவு மட்டும் இன்னும் குணமாகவில்லை.

மறுநாள் பட்டியலை எடுத்துச் சரிபார்த்தோம். எழுதிய பொருள்களில் ஒன்றுகூட விடுபடவில்லை. வங்கித் தணிக்கையின் மொழியில் சொல்வதானால், இருப்பு சரியாக இருந்தது. இருக்குமிடம்தான் தவறாக இருந்தது.

இத்தவறு சிறு குழுக்களுக்கு மட்டும் உரியதன்று. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்தில் 172 பேர் கலந்துகொண்டனர். நண்பகலில் ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் உறைகுளிரும் ஒருசேரத் தாக்கின. 21 பேர் இறந்தனர். அவர்களுள் அந்நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர்களும் இருந்தனர். காற்றுத்தடுப்புச் சட்டை அந்த ஓட்டத்தில் கட்டாயப் பொருளாக இருக்கவில்லை. கொண்டுவந்தால் நல்லது என்ற பரிந்துரையாக மட்டுமே இருந்தது. பலருடைய கனத்த உடைகள், பாதையில் வெகுதொலைவு தள்ளியிருந்த நிலையத்துக்கு முன்னதாகவே அனுப்பப்பட்டிருந்தன. அன்று ஆறு பேரைக் காப்பாற்றியவர் ஓர் ஆட்டிடையர். மழைக்கு ஒதுங்கும் குகையில் உடையும் உணவும் அவர் எப்போதும் சேர்த்து வைத்திருந்தார். பந்தயத்தில் இல்லாத ஒருவரே ஆயத்தத்தோடு இருந்தார் என்பது நினைந்து வருந்தத்தக்கது.

விளக்கறை கற்பித்தது

தங்கவயலில் வாழ்பவர்களுக்கு இதில் கற்க வேண்டியது தொலைவில் இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அத்தகைய ஆழத்தில் இறங்கும் தொழிலில் ஒவ்வொருவரும் தம் எண் பொறித்த வில்லையை ஒப்படைத்து விளக்கைப் பெறுவதும், மேலே வந்தபின் விளக்கைத் தந்து வில்லையைத் திரும்பப் பெறுவதும் சுரங்க உலகின் நெடுநாள் வழக்கம். எடுத்துக்கொள்ளப்படாத ஒரு வில்லை பலகையில் தொங்கினால், ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். அங்கு அனுமானத்துக்கோ ‘இன்னும் பத்து நிமிடம்’ என்பதற்கோ இடமில்லை. மூத்த தொழிலாளிக்கும் புதியவருக்கும் ஒரே விதி.

வங்கியிலும் அப்படியே. பெட்டக அறையை ஒருவர் சாவியால் திறக்க இயலாது. இருவர் சாவியும் வேண்டும். அது எவர்மீதும் கொண்ட ஐயத்தால் அன்று. மனிதர் மறப்பர், களைப்படைவர், அவசரப்படுவர் என்ற உண்மையை ஒப்புக்கொண்டதால் ஏற்பட்ட முறை அது. இரவு இரண்டு மணிக்கு, பதினெட்டு மணி நேரம் விழித்திருக்கும் ஒரு குழுவுக்கு இவ்வொப்புதல் இன்னும் அதிகமாகத் தேவை. ஆகவே, மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். பிற குழுக்களும் இவற்றைக் கைக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை.

முதல் விதி: சில பொருள்கள் உடலைவிட்டு நீங்கலாகா. நெற்றி விளக்கு, அதற்கு ஒரு சோடி மாற்று பாட்டரி, மழையும் காற்றும் புகாத சட்டை, விசில், தண்ணீர், மின்னேற்றிய கைப்பேசி, பெயரும் இரத்த வகையும் வீட்டாரின் எண்ணும் எழுதிய அட்டை, சிறிது பணம் ஆகியவை அவை. பகலாயினும் இரவாயினும், மூன்று கிலோமீட்டராயினும் பத்தாயினும், ஓடுபவரிடமே இருக்க வேண்டும். குழுவின் மிக வேகமான ஓட்டக்காரருக்கும் விலக்கில்லை. விதியிலிருந்து விலக்குக் கேட்பவர் பெரும்பாலும் அவரே என்பது எங்கள் அனுபவம்.

இரண்டாம் விதி: பொதுப் பெட்டி ஒன்று வேண்டும், அதன் பொறுப்பாளர் இருவர் வேண்டும். முதலுதவிப் பொருள்கள், கிரேப் பேண்டேஜ், உப்பு சர்க்கரைப் பொட்டலங்கள், போர்வைகள், கூடுதல் விளக்கு, பவர் பேங்க், குடிநீர், உணவு ஆகியவை அதில் அடங்கும். எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது பெட்டியின் மூடியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். தேடுபவர் பெரும்பாலும் பொறுப்பாளராக இருக்கமாட்டார், இருட்டில் தேடுவார்.

மூன்றாம் விதி: கைமாற்றுப் பதிவேடு. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். புறப்பட்டவர் பெயர், புறப்பட்ட நேரம், வந்துசேர வேண்டிய நேரம், விளக்கு எரிகிறதா என்ற குறிப்பு, இருவர் சுருக்கொப்பம். வந்துசேர வேண்டிய நேரத்தைக் கடந்து முப்பது நிமிடம் ஆனால், விளக்கும் தண்ணீரும் போர்வையும் எடுத்துக்கொண்டு இருவர் பாதையில் எதிர்நோக்கிச் செல்ல வேண்டும். போட்டியை நடத்துவோருக்கும் உடனே சொல்ல வேண்டும். அதன்மீது விவாதம் கிடையாது.

பைக்குள் எது, எப்படி

உடைகளை ஓட்டப் பகுதி வாரியாகக் கட்டுவது நலம். மூன்று முறை ஓட வேண்டியவர் மூன்று பிளாஸ்டிக் ஜிப் பைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பனியன், ஒரு கால்சட்டை, ஒரு சோடி காலுறை, ஒரு துண்டு வைத்து 1, 2, 3 என்று எண்ணிட வேண்டும். ஓடி முடித்ததும் நனைந்த உடைகள் அதே பைக்குள் போகட்டும். இரவில் வண்டிக்குள் உலர்ந்த காலுறையைத் தேடி எட்டுப் பேரை எழுப்ப வேண்டியதில்லை. ஓடி முடித்தவர் உடனே உலர்ந்த உடைக்கு மாறவில்லையெனில் வியர்வை குளிர்ந்து நடுக்கம் பிடிக்கும். மலைமேல் மார்கழி, தை மாதக் காற்றுக்கு இதற்குக் கால்மணி நேரம் போதும்.

காலணி புதியதாக இருக்கலாகாது. பயிற்சியில் பல வாரம் பழகியதே வேண்டும். காலில் உராயும் இடங்களில் வாசலினோ தேங்காயெண்ணெயோ முன்னரே தடவிக்கொள்வது கொப்புளம் வந்தபின் மருந்திடுவதைவிட மேலானது. இப்பகுதியின் புதர்க்காடுகளில் சீமைக்கருவேல முள் மெல்லிய அடித்தோலைத் துளைத்துவிடும். முள்வாங்கி ஒன்று பொதுப் பெட்டியில் இருக்கட்டும். காபித் தோட்டங்கள் நிறைந்த சிக்கமகளூர் பக்கம் மழைக்காலத்தில் செல்வோருக்கு அட்டைத் தொல்லை உண்டு. நீண்ட காலுறை உதவும்.

தண்ணீரைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே திருத்த வேண்டும். எவ்வளவு குடித்தாலும் நல்லது என்று பலர் நினைக்கின்றனர். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது தெரியவந்தது. தேவைக்கு மேல் குடித்ததே அதன் முதன்மைக் காரணம். தாகத்துக்கேற்பக் குடிப்பதும், நீண்ட ஓட்டங்களுக்கிடையே உப்புள்ள உணவை உண்பதுமே போதுமானவை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அமைந்த உப்பு சர்க்கரைப் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்குரியது. அதனை அரை லிட்டர்ப் புட்டியில் கொட்டிக் கலக்குவது உதவியன்று, உபத்திரவம். ஆகவே பொதுப் பெட்டியில் ஒரு லிட்டர்க் குறியிட்ட புட்டி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

உணவில் கோலார் மண்ணுக்குக் குறைவில்லை. கேழ்வரகுக் கஞ்சி, வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், கெட்டுப்போகாத புளியோதரை ஆகியவை விலையுயர்ந்த இறக்குமதிக் கூழ்களுக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல. ஒன்றே ஒன்று நினைவிலிருக்க வேண்டும். பயிற்சியின்போது உண்டு பழகாத எதையும் ஓட்ட நாளில் உண்ணலாகாது.

இரவில் ஓடுபவர் எவராயினும் தனியே ஓடாமல் துணையோட்டக்காரர் ஒருவரை உடன் அனுப்ப வேண்டும். போட்டி விதிகள் இடந்தந்தால் அதனைத் தவறவிடலாகாது. பாம்பு பற்றிய அச்சத்துக்கு முதல் மருந்து நல்ல வெளிச்சமே. கடித்துவிட்டால் கத்தியால் கீறுவதும் இறுக்கக் கட்டுவதும் கூடா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108 ஊர்தியை அழைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே வழி. புறப்படுமுன்பே பாதைக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனைகளின் பெயரைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

பலரும் மறந்துவிடும் ஒருவர் வண்டி ஓட்டுநர். ஓடுபவர்கள் முறைவைத்து உறங்குகின்றனர், அவருக்கு உறக்கமில்லை. வார இறுதியின் மிகப் பெரிய ஆபத்து மலைப்பாதையில் இல்லை, திரும்பிவரும் நெடுஞ்சாலையில் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம். இரண்டு ஓட்டுநர்கள் வேண்டும். ஓடிக் களைத்த எவரும் அன்று வண்டியைத் தொடலாகாது. இயலாவிடில் ஓரிரவு தங்கி மறுநாள் திரும்புவதற்குரிய செலவையும் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

எங்கே பயில்வது, எங்கே கூடாது

நாள்தோறும் ரயிலில் சென்று வருவோருக்கு வாரநாள் பயிற்சி எளிதன்று. நல்வாய்ப்பாக, தொடரோட்டத்துக்கு வேண்டிய பயிற்சி வார இறுதியிலேயே அமைகிறது. சனிக்கிழமை மாலை ஓர் ஓட்டம், அன்றிரவு சிறிது தூக்கம், ஞாயிறு விடியலில் இன்னோர் ஓட்டம். முதல் ஓட்டத்தின் களைப்பு நீங்காத கால்களோடு மீண்டும் ஓடப் பழகுவதே இதன் சாரம். ஒவ்வொரு முறையும் முழுப் பையோடு ஓட வேண்டும். பையில் எது உறுத்துகிறது, எது குலுங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஏற்றம் பழகக் கோலார் நகரை ஒட்டிய அந்தரகங்கை மலையின் படிகள் உள்ளன. சமநிலத்துக்குப் பேத்தமங்கலம் பக்கத்துக் கிராமப் பாதைகள் போதும்.

நம் ஊரின் சயனைடு மேடுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய மண் பல தலைமுறைகளாகக் குவிந்து குன்றுகளாக நிற்கிறது. சரிவுப் பயிற்சிக்கு அவை கவர்ச்சியாகத் தோன்றும். இளைஞர்கள் சிலர் ஓடவும் செய்கின்றனர். அங்கே மூச்சிரைக்க ஓடுபவர் உள்ளிழுப்பது அந்தத் தூசியைத்தான். சுற்றிலும் கைவிடப்பட்ட சுரங்க வாய்களும் உண்டு. எங்கள் குழு அங்கே கால்வைப்பதில்லை.

காடுகளில் ஓடுவதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதைச் சிலர் வெற்றுச் சடங்காகக் கருதுகின்றனர். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. எத்தனை பேர் எந்த வழியில் சென்றுள்ளனர் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்திருப்பதே அனுமதிச் சீட்டின் உண்மையான பயன். அதுவும் ஒரு வில்லைப் பலகையே.

பொதுப் பைக்குப் பொதுப் பணம்

இவ்வளவு பொருள்களையும் ஒவ்வொருவரும் வாங்க வேண்டும் என்றால், மாணவரும் குறைந்த ஊதியத்தாரும் ஒதுங்கிவிடுவர். கட்டாயப் பட்டியலுக்கு எதிராகச் சொல்லப்படும் நேர்மையான மறுப்பு இதுவே. இதற்கு விடை பட்டியலைச் சுருக்குவதன்று, செலவைப் பகிர்வது. பத்துப் பேர் மாதம் ஆளுக்கு 200 ரூபாய் செலுத்தினால் பத்து மாதத்தில் 20,000 ரூபாய் சேரும். நெற்றி விளக்குகளும் மழைச் சட்டைகளும் பொதுப் பெட்டியும் குழுவின் சொத்தாகிவிடும். அடுத்த ஆண்டு சேருபவருக்கும் பயன்படும். பொறுப்பாளர் சிலர் பெயரில் கூட்டாக ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி, பணம் எடுக்க இருவர் கையொப்பம் வேண்டும் என்று வைத்துக்கொள்வது நட்புக்கும் நல்லது. காலணி மட்டும் அவரவர் காலுக்குரியது. அதற்குப் பொதுப் பணம் வேண்டாம்.

காப்பீட்டையும் பையில் ஒரு பொருளாகவே எண்ண வேண்டும். பிரதமரின் பாதுகாப்புக் காப்பீட்டுத் திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள வங்கிக் கணக்குதாரர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தி, விபத்தினால் நேரும் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் இரண்டு லட்சம் ரூபாய்ப் பாதுகாப்புப் பெறலாம். மாரடைப்பு போன்ற இயற்கைக் காரணங்கள் அதில் அடங்கா. மருத்துவக் காப்பீடுகள் சிலவற்றில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. புறப்படுமுன் படித்துப் பார்ப்பது நலம். நாற்பதைக் கடந்தவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஓட்டத்தில் சேர வேண்டும் என்பதை, அவ்வயதினராகிய நாங்கள் எங்களுக்கே சொல்லிக்கொள்கிறோம். மலைமேல் கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடங்களில் பணப்பரிமாற்றச் செயலிகள் உதவா. பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் சில உறையில் இருக்கட்டும்.

பொழுதுபோக்குக்கு இத்தனை விதிகளா, மகிழ்ச்சி கெட்டுவிடாதா என்று நண்பர்கள் கேட்கின்றனர். எங்கள் அனுபவம் நேர்மாறானது. பதிவேடு வந்த பின்னர்தான் காத்திருப்போர் கவலையின்றிப் பேசவும் சிரிக்கவும் உறங்கவும் தொடங்கினர். கனம் கூடினால் வேகம் குறையும் என்பது உண்மை. நாங்கள் சுமக்கச் சொல்லும் பொருள்களின் எடையால் ஒரு பகுதிக்குச் சில நிமிடங்கள் குறையலாம். பம்புசெட் கொட்டகையை எண்ணும்போது அந்நிமிடங்களை விட்டுக்கொடுக்க எங்களுக்குத் தயக்கமில்லை.

கணுக்கால் குணமான ஆசிரியை பங்குனி மாதம் முதல் மீண்டும் எங்களோடு ஓடுகிறார். பதிவேட்டின் பொறுப்பாளர் இருவருள் ஒருவர் அவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் புறப்படுபவரை நிறுத்தி, விளக்கை ஏற்றச் சொல்லி, மாற்று பாட்டரியைத் தம் கண்ணால் பார்த்த பிறகே சுருக்கொப்பமிடுகிறார். சென்ற வாரம் எங்கள் கிளையைச் சேர்ந்த ஒருவரை, பாட்டரி வண்டியில் இருக்கிறது என்று சொன்னதற்காகத் திருப்பி அனுப்பினார். திரும்பிச் சென்று எடுத்துவந்தவர் இக்கட்டுரையை எழுதுவோரில் ஒருவர்.